கையறுநிலைக்கு அப்பால்

நோய்க்குப் பகை மருந்து. அம்மருந்தே உயிர்க்குப் பகையாயின் அதற்கு மருந்து யாது? இவ்வினாவைத் தம் நெஞ்சொடு கேட்டுக் கேட்டு விடை காணாது வாடும் பெற்றோர் உலகிற் பலர் உளர். காய்ச்சலும் இருமலும் கண்ட குழந்தைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கடையில் வாங்கி, நேரந் தவறாது அளந்து ஊட்டி, அம்மருந்தினாலேயே குழந்தையை இழந்தோர் அவர். அவர்தம் துயரத்தை முன்னிட்டுச் சில சொல்ல விரும்புகின்றேன்.

இறப்பு யாவர்க்கும் பொதுவாயினும் எல்லா இறப்பும் ஒரு தன்மையன அல்ல. முதுமையால் இறந்தாரை நினைக்குங்கால் அவர் வாழ்ந்த வாழ்வு நமக்கு ஆறுதல் தருகின்றது. கொடுநோயால் இறந்தாரைக் குறித்து, மக்கள் முயற்சிக்கு மிஞ்சியது அந்நோய் என்று தேறுகின்றோம். மருந்தில் மறைந்திருந்த நஞ்சால் இறந்த குழந்தையின் தாய்க்கோ இவ்விரண்டு ஆறுதலும் இல்லை. குழந்தை கசக்குமென்று முகந் திருப்பியிருக்கும். அவள் கதை சொல்லியும் கன்னந் தடவியும் வாயைத் திறப்பித்திருப்பாள். காப்பதற்கு நீண்ட கையே நஞ்சினை ஊட்டியதாயிற்று. குற்றம் ஒரு சிறிதும் இல்லாதவள் வாழ்நாள் முழுதும் தன் கையையே பார்த்துக் கலங்குகின்றாள். தன் மக்களை இழந்து தேற்றுவார் சொற் கொள்ளாது அழுத இராகேலின் துயரினும் இத்துயர் ஒருபடி மிகுந்தது என்பேன். ஏரோதின் வாள் இராகேலின் கையில் இருந்ததில்லை.

இங்ஙனம் இறந்தாரை நினைப்பது எங்ஙனம்? அழுது நினைத்தல் பெற்றோர்க்கும் உற்றார்க்கும் உரியது; அறிந்து நினைத்தல் நாட்டுக்கு உரியது. நாடு தன் பங்கினைச் செய்யாதொழியின் பெற்றோர் அழுகை பயனற்றதாகி ஒழியும் என்பதே என் கருத்து.

தமிழ் பயில்வார்க்குக் கையறுநிலை என்னும் துறை புதியதன்று. தொல்காப்பியனார் அதனைக் காஞ்சித்திணைத் துறைகளுள் வைத்துக் கூறினர். பாரியை இழந்து கபிலரும், அதியமானை இழந்து ஔவையாரும் பாடிய பாடல்கள் புறநானூற்றுள் இத்துறைக்கு விளக்கமாய் நிற்கின்றன. இத்துறையின் பெயரே அதன் பொருளை உணர்த்துகின்றது. செய்வது ஒன்றும் இன்றிச் செயலற்று நிற்கும் நிலை அது. போர்க்களத்துப் பட்ட மன்னனை எவர் மீட்க வல்லார்? ஆதலின் அப்புலவர்கள் புலம்பியது தகும். நச்சு மருந்தால் நேரும் சாவோ அன்னதன்று. இறந்த குழந்தையை மீட்க இயலாதெனினும், அடுத்த குழந்தையைக் காக்கும் செயல் நம் கையில் உண்டு. செயல் உளதாகவும் கையறுநிலை பாடி நிற்றல் நமக்குத் தகாது.

அச்செயல் இன்னதென அறிய, நஞ்சு மருந்தினுட் புகும் வழியை முதற்கண் அறிதல் வேண்டும். குழந்தைகட்கு மாத்திரையை விழுங்கத் தெரியாது. ஆதலின் மருந்தைத் திரவத்திற் கரைத்து இனிப்பூட்டிப் பாகாகத் தருகின்றனர். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் வெறுந் தண்ணீரில் எளிதிற் கரைவதன்று. எனவே கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் முதலிய தீங்கற்ற திரவங்களைச் சேர்த்துக் கரைக்கின்றனர். இவற்றைப் போன்றே நிறமற்றுக் கொழகொழப்பாயும் இனிப்பாயும் இருப்பது டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் பிறிதொரு திரவம். தொழிற்சாலைகளிற் கரைப்பானாகவும், எந்திரங்களின் நீர் உறையாதிருக்கச் சேர்க்கும் பொருளாகவும் பயன்படும் இது விலையிற் குறைந்தது. கண்ணாலும் நாவாலும் இதனை வேறு பிரித்தறிதல் அரிது. பேராசையாலோ கவனமின்மையாலோ நல்ல திரவத்தின் இடத்தில் இது புகுந்துவிடின், உண்டவர் வயிற்று வலியும் வாந்தியும் உற்று, சிறுநீரகம் கெட்டு, சிறுநீர் தடைப்பட்டுச் சில நாட்களில் உயிர் நீங்குவர். குழந்தைகட்குச் சிறிதளவே போதும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தனர். அக்காலத்தில் மருத்துவனே மூலிகையைக் கண்டு தேர்ந்திருப்பான். நோயாளியின் சுற்றத்தார் அதனை இடித்து வடித்திருப்பர். இக்காலத்திலோ மருந்துக்கும் மருத்துவனுக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. திரவத்தைச் செய்வோன் ஒருவன், விற்போன் ஒருவன், பீப்பாயின் பெயர்ச்சீட்டை மாற்றுவோன் ஒருவன், பாகு காய்ச்சுவோன் ஒருவன், கடைக்கு அனுப்புவோன் ஒருவன் எனப் பல கைகள் மாறியே அது குழந்தையின் வாயை அடைகின்றது. அத்தனை கைகட்கும் இறுதியில் நிற்பது தாயின் கை. முன்னின்ற கைகளுள் ஒன்றேனும் அதனைச் சோதித்திருப்பின் அவள் கை பழி சுமந்திராது.

இக்கொடுமை முதன்முதல் உலகறிய நேர்ந்தது அமெரிக்க ஐக்கிய நாட்டில். சல்ஃபனிலமைடு என்னும் நல்ல மருந்தொன்றைத் திரவமாக்க விரும்பிய ஒரு நிறுவனத்தார், 1937 ஆம் ஆண்டில் அதனை டைஎத்திலீன் கிளைக்காலிற் கரைத்து, சுவையும் மணமும் ஊட்டி விற்றனர். நிறமும் மணமும் சோதித்தவர், அஃது உயிர்க்குத் தீங்கு செய்யுமோ என்று சோதித்திலர். அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் ஆகிய இரு திங்களுள் 15 மாநிலங்களில் 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் குழந்தைகள் பலர். செய்த 240 காலன் மருந்தில் 234 காலனுக்குச் சற்று மிகுதியை அரசாங்க ஆய்வாளர் கடை கடையாகவும் வீடு வீடாகவும் தேடிக் கைப்பற்றினர். எஞ்சிய ஏறக்குறைய 6 காலனே அத்தனை உயிரையும் குடித்தது. அக்காலத்துச் சட்டப்படி நஞ்சு விற்றது குற்றமாக எண்ணப்படவில்லை. சாராயம் கலந்த மருந்துக்கே உரிய 'எலிக்ஸிர்' என்னும் பெயரைச் சாராயம் இல்லாத மருந்துக்கு இட்டதே குற்றமெனக் கொண்டு தண்டம் விதித்தனர். பெயர்ப்பிழைக்குத் தண்டமும் உயிர்ப்பிழைக்கு மன்னிப்பும் அளித்த விந்தை அது.

அப்போது டல்சா நகரத்துத் தாய் ஒருத்தி குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினாள். தன் சிறுமகளுக்கென மருத்துவரை அழைத்தது அதுவே முதன்முறை என்றும், இனித் தமக்கு எஞ்சியது அவளது சிறு கல்லறையைப் பேணுதலே என்றும், மகளை நினைக்குந்தோறும் அவள் வலியால் துடித்ததே முன்வந்து நிற்கின்றது என்றும் எழுதி, பிற சிற்றுயிர்கட்கு இது நேராவண்ணம் தடுக்குமாறு வேண்டினாள். நஞ்சு உடலோடு நில்லாது நினைவையும் தீண்டியது. மகளின் சிரிப்பை நினைக்கவொட்டாது துடிப்பையே நினைப்பித்தது. ஆயினும் அத்தாய் தன் நினைவைப் பூட்டி வையாது நாட்டின்முன் வைத்தாள். 1933 முதல் ஐந்தாண்டுகளாக முடிவு பெறாது கிடந்த மருந்துச் சட்டம், மக்கள் உள்ளம் கொதித்தெழுந்தமையால் 1938 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் நாள் நிறைவேறியது. புதிய மருந்தை விற்குமுன் அது தீங்கற்றது எனக் காட்டுதல் வேண்டும் என்னும் விதி அதன்கண் இடம்பெற்றது.

இவ்வரலாற்றில் மாணவராகிய நாம் கருதத்தக்க செய்தி இன்னும் ஒன்று உண்டு. அம்மருந்தின் நச்சுத்தன்மையை ஆராய்ந்த சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வுச்சாலையில் இளம் மாணவி ஒருத்தி தன் பேராசிரியர்க்கு உதவியாயிருந்தாள். பின்னாளில் பிரான்சஸ் கெல்சி எனப் பெயர்பெற்ற அவ்வம்மையார், 1960 ஆம் ஆண்டில் அந்நாட்டு மருந்து ஆய்வுத் துறையிற் சேர்ந்தார். தாலிடோமைடு என்னும் மருந்தை விற்க இசைவு கேட்டு நிறுவனத்தார் பலமுறை நெருக்கியபோதும், சான்று போதாது என்று மறுத்துவிட்டார். பிற நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அம்மருந்தாற் கைகால் குறைந்து பிறந்தன. அமெரிக்க நாடு அக்கேட்டினின்று பெரும்பாலும் தப்பியது. இளமையில் ஆய்வுச்சாலையிற் கண்டறிந்த நஞ்சினை மறவாத உள்ளம் முதுமைவரை காவல் செய்யும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் நாட்டை நோக்குவோம். 1973 ஆம் ஆண்டில் சென்னையில் இதே நஞ்சு கலந்த மருந்தால் 14 குழந்தைகள் மாண்டனர். 1986 ஆம் ஆண்டில் பம்பாயில் நஞ்சு கலந்த கிளிசரினால் நோயாளர் 14 பேர் மாண்டனர். நீதிபதி லெண்டின் தலைமையில் விரிவான விசாரணையும் நடந்தது. 1998 ஆம் ஆண்டில் டில்லியை அடுத்த குர்கான் பகுதியில் 30க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். 2019 இன் இறுதியிலும் 2020 இன் தொடக்கத்திலும் ஜம்மு நாட்டு மலையூர் ஒன்றில் 10க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். ஒவ்வொரு முறையும் நாடு சில நாள் திடுக்கிட்டது, செய்தித்தாள்கள் எழுதின, பின்னர் யாவரும் மறந்தனர். சென்னைக் குழந்தைகளின் பெயரைக் கூறவல்லார் நம்முள் எவர்? அங்ஙனம் ஒன்று நேர்ந்தது என்பதையே நம்முட் பலர் அறியோம்.

மறதியின் விலை 2025 ஆம் ஆண்டில் மீண்டும் கேட்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்தில், சிறு காய்ச்சலும் இருமலும் உற்ற குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிறுநீரகம் கெட்டு மாண்டன. 20க்கு மேற்பட்ட குழந்தைகளை அம்மாவட்டமும் அதன் அண்டைப்பகுதியும் இழந்தன. அவை அருந்திய கோல்ட்ரிஃப் என்னும் பாகு செய்யப்பட்ட இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டம். தமிழ்நாட்டு அரசாங்க ஆய்வுச்சாலையிற் சோதித்தபோது அதன்கண் நூற்றுக்கு 48.6 பங்கு டைஎத்திலீன் கிளைக்கால் காணப்பட்டது. பொறுக்கத்தக்க அளவோ நூற்றுக்கு 0.1 பங்கே. ஏறக்குறைய 500 மடங்கு! அவ்வாண்டு அக்டோபர் திங்களிலேயே அத்தொழிற்சாலையின் உரிமம் நீக்கப்பட்டது, உரிமையாளர் சிறைப்பட்டார். சோதனையின் முடிவு இரண்டொரு நாளிற் கிடைத்தது என்பதை ஈண்டு ஊன்றி நோக்குக. சாவுக்குப் பின்னர் இரண்டொரு நாளிற் செய்ய முடிந்த சோதனையைச் சாவுக்கு முன்னர்ச் செய்ய நாள் கிடைக்கவில்லையோ? கல்வியிற் பெரியது எனப் புகழ் பெற்ற காஞ்சியின் பெயர், முன்பின் அறியாத ஊர்த் தாய்மார் நாவில் வேறு பொருள் பெற்றுவிட்டது. இத்துயர் நமக்கு அயலதன்று.

இன்னும் ஒன்று கூறுவேன். 2022 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க நாடாகிய காம்பியாவில் குழந்தைகள் பல மாண்டபோது, இந்தியாவினின்று சென்ற பாகுகளைக் குறித்து உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. அதன்பின் 2023 ஆம் ஆண்டு ஜூன் முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளை அரசாங்க ஆய்வுச்சாலையிற் சோதித்தே அனுப்புதல் வேண்டும் என்று நம் அரசாங்கத்தார் விதித்தனர். நல்ல விதி. ஆனால் உள்நாட்டிற் விற்கும் மருந்துக்கு அத்தகைய அரசாங்கச் சோதனை அன்று கட்டாயமாக்கப்படவில்லை. அயலார் குழந்தைக்கு இரண்டு காவல், நம்மவர் குழந்தைக்கு ஒரு காவல் என்றாயிற்று. அவ்வொரு காவலும் உறங்கியபோது சிந்துவாராவில் நேர்ந்ததை உலகம் கண்டது.

இவை தற்செயலாய் நேர்ந்தவை, எவரும் கொல்ல நினைத்துச் செய்தாரல்லர் என்று சிலர் கூறுவர். கொல்ல நினைத்திலர் என்பது மெய்யே. எனினும், ஒருமுறை நேர்ந்ததைத் தற்செயல் எனலாம். அதே நஞ்சு, அதே பாகில், அதே வழியாய் ஐந்தாம் முறையும் புகுமாயின் அதற்குத் தற்செயல் என்னும் பெயர் பொருந்தாது. 1937 இல் நேர்ந்ததை அறியாமை எனினும் எனலாம். 2025 இல் நேர்ந்தது மறதி. அறியாமை கற்றால் நீங்கும். மறதியோ கற்றபின்னும் தொடர்வது.

சோதனை மிகின் மருந்தின் விலை ஏறும், ஏழைக்கு எட்டாது என்று வேறு சிலர் கூறுவர். ஏழைகளின் பொருட்டு இரங்குதல் நன்றே. ஆயினும் அந்நஞ்சினை அருந்தி மாண்ட குழந்தைகளிற் பெரும்பாலன எவர் வீட்டுக் குழந்தைகள்? பூச்சிட்ட சிறு தகட்டின்மேற் செய்யும் எளிய குரோமட்டோகிராபி முறையாலேயே மிகுதியாய்க் கலந்த நஞ்சினைக் கண்டுகொள்ளலாம். நூற்றுக்கு 48 பங்கு கலந்ததை அறிய நுண்ணிய கருவியும் வேண்டா. அறிய வேண்டும் என்னும் மனமே வேண்டும். குற்றவாளிகளைத் தண்டித்தாயிற்று, இனி என்ன என்பாரும் உளர். தண்டனை இறந்தாரை நோக்கியது. சோதனை இருப்பாரை நோக்கியது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

இங்ஙனம் குழந்தையை இழந்த தாயொடு பழக நேரின், ஏன் அம்மருந்தைக் கொடுத்தாய் என்னும் வினா நம் வாயில் எழாதிருப்பதாக. அவ்வினாவை அவளே ஆயிரம் முறை கேட்டிருப்பாள். குற்றம் உன்மேல் இல்லை என்று வாய்திறந்து சொல்லுதல் சுற்றத்தார் கடமை. அக்குழந்தையின் பெயரைச் சொல்லி, அது பேசிய மழலையையும் ஆடிய விளையாட்டையும் சொல்லக் கேட்டல் இன்னும் சிறந்தது. சாவு வந்த வழி கொடிதென்று கருதி வாழ்வையே பேசாது விடின், அக்குழந்தையை இருமுறை இழந்தோராவோம்.

வீடுதோறும் செய்யத்தக்கனவும் உண்டு. சளிக்கும் இருமலுக்கும் கொடுக்கும் கலவை மருந்துகள் இளங்குழந்தைகட்குப் பெரும்பாலும் வேண்டுவன அல்ல. கோல்ட்ரிஃப் போன்ற ஒருவகைக் கலவையை 4 வயதிற்கு உட்பட்ட குழந்தைகட்குக் கொடுத்தலாகாது என்று இந்திய மருந்துத் துறையினர் 2023 ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தனர். இச்செய்தி எத்தனை வீடுகளை எட்டியது? எழுத்தறிந்த நாம் எழுத்தறியாதார்க்கு இதனைச் சொல்லலாம். மருந்துண்ட குழந்தைக்குச் சிறுநீர் குறையுமாயின் காலந் தாழ்த்தாது பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும் என்பதையும் சொல்லலாம். புட்டியை எறிந்துவிடாது உடன் கொண்டுசெல்க என்பதையும் சொல்லலாம்.

இக்கல்லூரியிற் பயின்று சென்றோருள் மருத்துவர் உளர். மருந்துக்கடை நடத்துவோர் உளர். அரசாங்கப் பணியாளர் உளர். இன்று நம்மொடு இரசாயன சாலையிற் குப்பியேந்தி நிற்கும் நண்பர் சிலர் நாளை மருந்துத் தொழிற்சாலைகளிற் கையொப்பம் இடும் பொறுப்பினை அடைவர். பீப்பாயைத் திறவாமலே, சோதித்தேன் என்று எழுதிவிடும் எண்ணம் ஒரு மாலைப்பொழுதில் அவர்க்குத் தோன்றலாம். அப்போது சென்னையில் மாண்ட 14 குழந்தைகளையும் அவர் நினைப்பாராக. அந்நினைவே அவர் கையைத் தடுக்கும் சட்டமாகும்.

நம் முன்னோர் களத்திற் பட்ட வீரனுக்கு நடுகல் நாட்டினர். அவன் பெயரையும் அவன் பட்ட வகையையும் அதன்கட் பொறித்தனர். வழிச்செல்வோர் படித்து அறிந்து நிற்றற்பொருட்டே அக்கல் வழியோரத்தில் நின்றது. மருந்தால் மாண்ட குழந்தைகட்கு நடுகல் எவரும் நாட்டிலர். சோதித்தன்றி விற்கலாகாது என்னும் விதியும், அவ்விதியை வழுவாது நடத்தும் ஆய்வுச்சாலையும், மாதந்தவறாது சென்று காணும் ஆய்வாளருமே அவர்க்கு நாம் நாட்டத்தக்க கற்கள். டல்சா நகரத்துத் தாயின் கண்ணீர் அத்தகைய ஒரு கல்லாயிற்று. சென்னைத் தாய்மார் கண்ணீரும் சிந்துவாராத் தாய்மார் கண்ணீரும் நிலத்தில் வீழ்ந்து உலர்ந்துபோகாதிருத்தல் வேண்டும். அவர்கள் அழுதது போதும். இனிச் செய்தல் நம் பங்கு.